இத்துப்போன தோற்றம் வேணும், ஆனா எந்த வழியில? செராமிக் சிற்பத்துக்கு ஒரு ஒப்பீடு

மழை அரிச்ச பாறை, பொருக்கு விட்ட சுவர், உளுத்துப் போன மரக்கட்டை, இந்த மாதிரி தோற்றத்துல ஒரு செராமிக் சிற்பம் பண்ணணும்னு ஆசைப்படுறவங்க எடுத்த எடுப்புல கேக்குறது "எந்த கிளேஸ் போடலாம்?"ங்கிறது தான் (கிளேஸ்னா சூளையில உருகி கண்ணாடி மாதிரி படியுற பூச்சு). என்னைக் கேட்டா அது மூணாவதா கேக்க வேண்டிய கேள்வி. முதல் கேள்வி, உங்க சிற்பத்தை எது தின்னிருக்கு, தண்ணியா உப்பா காத்தா பூச்சியா நெருப்பா? ரெண்டாவது, அது கூரைக்குக் கீழ நிக்கப் போகுதா வெட்டவெளியிலயா? இந்த ரெண்டுக்கும் பதில் இல்லாம ரெசிபி தேடி அலைஞ்சா மேல பாசி படிஞ்ச மாதிரி ஒரு பூச்சு கிடைக்கும், ஆனா அடியில இருக்குற உருவம் நேத்து செஞ்சது போல விறைப்பா நிக்கும், பாக்குறவங்களுக்கு எங்கேயோ இடிக்கும், எதுன்னு சொல்லத் தெரியாது.

எங்க இடிக்குதுன்னா, நிஜமான சிதைவுக்கு ஒரு திசை உண்டு. தண்ணி மேலேருந்து கீழ வரும், அதனால மேல்பக்கம் கரையும், அடிவயிறு பெரும்பாலும் தப்பிச்சிடும். மூலைங்க தான் முதல்ல மழுங்கும், ஏன்னா ஒரு மூலையை ரெண்டு மூணு பக்கத்துலருந்து தாக்க முடியும், தட்டையான முகத்தை ஒரே பக்கத்துலருந்து தான் தாக்க முடியும். உப்பு அரிப்பு அடிப்பாகத்துல ஆரம்பிக்கும், தரை ஈரம் கல்லுக்குள்ள ஏறி காயும்போது உப்பு படிகமாகி உள்ளேருந்து மேல்தோலைத் தள்ளி உதிர்த்துடும், கடலோரப் பாறைங்க குழி குழியா இருக்கறதுல இந்த உப்புக்குப் பெரிய பங்கு இருக்கு. அரிப்பு எல்லா இடத்துலயும் ஒரே அளவா இருந்தா அது அரிப்பு இல்ல, டிசைன். கீழ வர்ற ஒவ்வொரு வழியையும் நான் இந்த ஒரு விஷயத்தை வெச்சு தான் எடை போடப் போறேன்.

இதுல ஒரு வேடிக்கை, களிமண்ணே சிதைவோட விளைச்சல் தான். ஃபெல்ட்ஸ்பார் பாறை தண்ணியில ஊறி காலகாலமா மக்கித் தான் கயோலின் ஆகுது, அதை நாம எடுத்து 1200 டிகிரிக்கு மேல சுட்டு திரும்ப கல்லாக்கி, அப்புறம் அந்தக் கல்லு மக்கிப் போன மாதிரி தெரியணும்னு மெனக்கெடுறோம். சரி, விஷயத்துக்கு வர்றேன்.

தண்ணியால அரிக்க வைக்கிறது. என் ஓட்டு முதல்ல இதுக்குத் தான், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன். சிற்பம் நல்லா காய்ஞ்சு, இன்னும் சுடாத நிலையில இருக்கணும். எந்த இடம் மிஞ்சணுமோ அங்க ஷெல்லாக்கோ (அரக்கு வார்னிஷ்) தண்ணி ஒட்டாத மெழுகு ரெசிஸ்ட்டோ தடவி காய விட்டுட்டு, ஈர ஸ்பான்ஜால மெல்ல துடைச்சா மூடாத இடத்துல மண்ணு கரைஞ்சு ஸ்பான்ஜோட வந்துடும், மூடின இடம் மேடா நிக்கும். ஷெல்லாக் போட்டா மேட்டோட விளிம்பு கூர்மையா வரும், மெழுகு போட்டா கொஞ்சம் மழுங்கலா. பாதி காய்ஞ்ச, தோல் பதத்துல இருக்குற மண்ணுல இது சரியா நடக்காது. முழுசா காய்ஞ்ச மண்ணுல தான் நுண்துளைங்க காலியா இருக்கும், தண்ணி சரசரன்னு உள்ள இழுபட்டு மண்ணைப் பொலபொலன்னு உடைக்கும். இது தெரியாம ஈரம் இருக்கும்போதே துடைச்சா வழவழன்னு சேறு தான் தேயும்.

ஒரு தடவை துடைக்கிறதுல ஒரு மில்லிமீட்டருக்கும் கம்மியா தான் போகணும், அப்புறம் முழுக்க காய விடணும், திரும்ப துடைக்கணும். அவசரப்பட்டு ஒரே மூச்சுல ஆழமா அரிக்கப் பாத்தா ஈரம் உள்ள இறங்கி சுவரு தொங்கிடும், சில நேரம் மொத்தமா விரிசல் விட்டு உக்காந்துடும். சுவர் தடிமன் 10, 12 மில்லிமீட்டராவது இருக்கட்டும். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது கிராக் (grog) கலந்த மண்ணு பண்ற வேலை, கிராக்னா இங்க விரிசல் இல்ல, ஏற்கனவே சுட்டு நொறுக்கின மண் துகள், சிற்ப மண்ணுல நிறையவே கலந்திருப்பாங்க. துடைக்கத் துடைக்க சுத்தி இருக்குற மெல்லிய மண்ணு போய்டும், கிராக் துகள் போகாது, ஒவ்வொரு துகளும் தனக்குக் கீழ இருக்குற மண்ணுக்குக் குடை பிடிச்ச மாதிரி ஒரு குட்டித் தூண் மேல நிக்கும், மழை அடிச்ச செம்மண் மேட்டுல கூழாங்கல்லு நிக்குமே, அதே சங்கதி தான், லென்ஸ் வெச்சுப் பாத்தா தெளிவா தெரியும். யாரும் செதுக்கல, அதுவா வந்தது. போர்சலின்ல, அதாவது நைசான வெள்ளைப் பீங்கான் மண்ணுல இது வராது, அங்க பட்டு மாதிரி வழுக்கலான கரை கிடைக்கும், அது வேற அழகு.

ஸ்பான்ஜுக்கு பதிலா சிற்பத்தை அது கடைசியா நிக்கப் போற நிலையிலேயே நிறுத்தி, மேலேருந்து சொட்டு சொட்டா தண்ணி விடுறது இன்னும் நல்லது. தண்ணி தானா வழி தேடிக்கும், உங்க கை எங்க போகணும்னு யோசிக்க வேண்டியதே இல்ல, திசை பிரச்சனை அங்கேயே தீர்ந்துடுது. குறைன்னு பாத்தா, நேரம் பிடிக்கும், கைவிட்டுப் போன மண்ணை திரும்ப ஒட்ட முடியாது, ஷெல்லாக் பிஸ்க் சூட்டுல (கிளேஸ் போடறதுக்கு முன்னாடி சுடுற முதல் சூடு) எரியும்போது புகையும் நாத்தமும் வரும் அதனால காத்தோட்டம் கட்டாயம். ஆனா காய்ஞ்ச மண்ணை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறதை விட இது எவ்வளவோ மேல், அந்தத் தூசுல இருக்குற சிலிக்கா நுரையீரலுக்கு ஆகவே ஆகாது.

எரிஞ்சு போற பொருளைக் கலக்குறது. மரத்தூள், காகிதக் கூழ், உமி, விதைங்க, இப்படி எதையாவது மண்ணோட பிசைஞ்சா சூளையில அது எரிஞ்சு அந்த இடம் பொக்கையாகிடும். பூச்சி தின்ன, உளுத்த மரம் மாதிரி தோற்றம் வேணும்னா இதை மிஞ்சின வழி இல்ல, ஏன்னா ஓட்டை மேல்பூச்சுல இல்ல, உடம்புக்குள்ள இருக்கு, உடைச்சுப் பாத்தாலும் உள்ள அதே பொக்கை தான். காய்ஞ்ச பருப்பு, விதை மாதிரி சமாச்சாரம் போட்டா ஈர மண்ணுல தண்ணி குடிச்சு ஊதி, சூளைக்குப் போறதுக்கு முன்னாடியே மண்ணைக் கீறி விட்டுடும். சில பேருக்கு அது தலைவலி, சிதைவு வேணும்ங்கிறவங்களுக்கு அது இலவச இணைப்பு. சூளையை 900 டிகிரி வரைக்கும் மெதுவா ஏத்தணும், மேல் துவாரம் திறந்திருக்கணும், இல்லன்னா கரி உள்ளேயே மாட்டிக்கிட்டு நடுவுல கருப்பா நிக்கும், அப்புறம் அதிக சூட்டுல அந்த இடம் உப்பி வீங்கும். தெர்மோகோல் மணிகளைப் போடலாம்னு சில பேர் சொல்றாங்க, போடாதீங்க, அந்தப் புகை விஷம்.

இதுலயே இன்னொரு வகை இருக்கு, பருத்தித் துணி, கயிறு, ஸ்பான்ஜ், காய்ஞ்ச கொப்பு இதையெல்லாம் குழம்பு பதத்துல கரைச்ச மண்ணுல, அதாவது ஸ்லிப்புல முக்கி முக்கி காய வெச்சு சுடுறது. உள்ள இருந்த துணி போய்டும், அதோட கூடு மட்டும் நெசவு தெரிய நிக்கும். பாக்க அபாரமா இருக்கும், தொட்டா நொறுங்கும். இடம் மாத்தணும், பார்சல் அனுப்பணும்னு இருந்தா இந்தப் பக்கமே வராதீங்க. பண்றதா இருந்தா ஸ்லிப்புல கொஞ்சம் காகித நார் சேத்துக்கோங்க, காயும்போது விரிசல் குறையும்.

இப்ப கிளேஸ் பக்கம். பாறையில படர்ற லைக்கன் (கற்பாசி) மாதிரி சுருண்டு திட்டுத் திட்டா நிக்கிற லைக்கன் கிளேஸ் தான் இன்னைக்கு எல்லாரும் கேக்குறது. அதுல சூட்சுமம் மெக்னீசியம் கார்பனேட், 20லருந்து 35 சதவீதம் வரைக்கும் போடுவாங்க. அது பஞ்சு மாதிரி லேசான பவுடர், நிறைய தண்ணி குடிக்கும், காயும்போது பயங்கரமா சுருங்கி வயல் வெடிப்பா வெடிக்கும், சூளையில உருகும்போது மெக்னீசியாவால பரப்பு இழுவிசை கூடி ஒவ்வொரு துண்டும் தன்னைத்தானே உள்ள இழுத்து உருண்டுக்கும், நடுவுல இருக்குற மண்ணு வெளிய தெரியும். அடியில கருப்பு ஸ்லிப், மேல வெளிர் கிளேஸ், இந்த ஜோடி தான் நல்லா எடுபடும், ரெண்டும் ஒரே நிறமா இருந்தா உழைச்சது யாருக்கும் தெரியாது. தடிமனா பூசணும், மெல்லிசா பூசினா சுருளாது.

சிக்கல் என்னன்னா, சூளைக்குள்ள வெக்கிறதுக்கு முன்னாடியே பாதி பொருக்கு உதிர்ந்துடும், அதுவும் செங்குத்தான பக்கத்துலயும் அடிப்பக்கத்துலயும் நிக்கவே நிக்காது. கொஞ்சம் சிஎம்சி கோந்து சேத்தா பிடிப்பு கூடும். உதிர்ந்தது தட்டுல ஒட்டாம இருக்க கீழ ஒரு பழைய பிஸ்க் ஓடு வெச்சுக்கோங்க. என்னோட பெரிய ஆட்சேபம் வேற. மொத்த சிற்பத்துக்கும் இதை அடிச்சு விடுறாங்க பாருங்க, அங்க தான் கெட்டுப் போகுது, லைக்கன் ஒரு பாறையில அப்படி சகட்டுமேனிக்கு வளராது, வெளிச்சமும் ஈரமும் தோதா இருக்குற முகத்துல அடர்த்தியா, மத்த பக்கம் ரெண்டு மூணு திட்டா தான் இருக்கும். நாலுல ஒரு பங்கு பரப்புக்கு மேல போட்டா எனக்கு அது அலங்காரமா தான் தெரியுது.

எரிமலைக் குழி மாதிரி பொத்துக்கிட்டு நிக்கிற கிரேட்டர் கிளேஸுக்கு சிலிக்கான் கார்பைடு. பொதுவா 1லருந்து 3 சதவீதம் போதும். சூட்டுல அது கிளேஸுல இருக்குற ஆக்சிஜனைப் பிடிச்சுக்கிட்டு வாயுவை விடும், அது குமிழா பொங்கி வெடிச்சு குழியாகும். நைசா அரைச்சதைப் போட்டா நுண்ணிய நுரை, கரகரப்பானதைப் போட்டா பெரிய பள்ளம். கிளேஸ் கெட்டியா இருந்தா குழி அப்படியே உறைஞ்சு நிக்கும், ஒழுகுற கிளேஸா இருந்தா குழி ஆறி மூடிக்கும், உச்ச சூட்டுல ரொம்ப நேரம் நிறுத்தி வெச்சாலும் அதே கதி தான். தாமிரம் இருக்குற கிளேஸுன்னா ஆங்காங்க சிவப்பு பூக்கும், மின்சார சூளையிலயே. இந்த வகையில பெரிய பேருங்க லூசி ரீயும், கெர்ட்ரூட் - ஓட்டோ நாட்ஸ்லர் தம்பதியும், ரெண்டு தரப்பும் வியன்னாக்காரங்க, 1938ல நாஜிகள் வந்ததும் ஊரை விட்டுப் போனவங்க, ரீ லண்டனுக்கு, நாட்ஸ்லர்கள் லாஸ் ஏஞ்சலஸுக்கு. அவங்க வேலையைப் பாத்தா ஒண்ணு புரியும், வடிவம் ரொம்ப எளிமையா, ஒரு கிண்ணம், ஒரு குப்பி, அவ்வளவு தான், மேல்தோல் மட்டும் வெடிச்சிருக்கும். அந்த முரண் தான் அங்க வேலை செய்யுது. சிக்கலான சிற்ப உருவத்து மேல இதே கிளேஸைப் போட்டா ரெண்டும் ஒண்ணையொண்ணு அமுக்கிடும். விளிம்பு கண்ணாடி மாதிரி கையை வெட்டும், சுட்டு எடுத்ததும் வைரப் பேடு வெச்சுத் தேய்ச்சுடணும். வெளியில வெச்சா குழியில தண்ணி தேங்கும், அதைப் பத்தி பின்னாடி.

விறகுச் சூளை இருக்கே, அது கிளேஸ்காரங்களுக்கு இருக்குற திசைப் பிரச்சனையை கேக்காமலே தீர்த்துடும். அனகாமாங்கிற ஜப்பானிய விறகுச் சூளை மாதிரி சூளையில நாள்கணக்குல விறகு போட்டு 1250, 1300 டிகிரி வரைக்கும் ஏத்துவாங்க, சாம்பல் தீயோட பறந்து வந்து சிற்பத்து மேல படியும், அதுல இருக்குற சுண்ணாம்பும் பொட்டாசியமும் மண்ணுல இருக்குற சிலிக்காவை உருக்கி கிளேஸாக்கும். தீ வந்த பக்கம் சாம்பல் அடைஞ்சு ஒழுகி கரடுமுரடா இருக்கும், மறுபக்கம் வெறும் செந்நிறமா சிவந்து நிக்கும். காத்து அடிச்ச பாறைக்கும் இதுக்கும் தர்க்கம் ஒண்ணு தான். ஜப்பான்ல ஷிகராகி மண்ணுல ஃபெல்ட்ஸ்பார் கல்லு இருக்கும், அது சூட்டுல மண்ணைப் பிளந்துகிட்டு வெளிய துருத்தும், இஷிஹஸேன்னு பேரு, அங்கத்திய செராமிக் கலைஞர் தகுரோ குவாடா அதையே ஊதிப் பெருசாக்கி, பளிச்சுனு நிறமும் போட்டு ரகளை பண்றவர். விறகுச் சூளையோட குறை எல்லாருக்கும் தெரிஞ்சது தான், ஆளு வேணும், இடம் வேணும், விறகு வேணும், எந்த மூலையில வெச்சா என்ன ஆகும்னு அந்தச் சூளையைப் பழகினவங்களுக்குத் தான் தெரியும். யாராவது கூட்டுச் சூளையில ஒரு மூலை தர்றாங்கன்னா யோசிக்காம எடுத்துக்கோங்க, அதுக்காக தனியா சூளை கட்டுற வேலை வேண்டாம்.

குழிச் சூளை, சாகர் (saggar, சிற்பத்தை ஒரு மூடின மண் பெட்டிக்குள்ள வெச்சு சுடுறது) இந்த ரெண்டும் கம்மி சூட்டு வழிங்க, 1000 டிகிரிக்குள்ள. கரும்புகை, தாமிரம், இரும்பு சல்பேட், உப்பு எல்லாம் சேந்து கறை கறையா நிறம் விடும். நிறம் அழகு தான், ஆனா அது கறை, அரிப்பு இல்ல, ஏற்கனவே தண்ணியில அரிச்ச உருவத்துக்கு மேல போட்டா பிரமாதம், வழவழப்பான உருவத்துக்கு மேல போட்டா வெறும் புகை. மண்ணு நல்லா இறுகாததால வெளியில வெக்கவும் முடியாது. உப்பும் உலோகமும் ஆவியாகுற இடத்துல திறந்தவெளியும் சரியான மாஸ்க்கும் இல்லாம நிக்காதீங்க.

சோடியம் சிலிகேட் தடவி மேலாக காய வெச்சு உள்ளேருந்து வயித்தைத் தள்ளினா மேல்தோல் பாளம் பாளமா வெடிக்கும், சக்கரத்துல பண்ற உருளைக்கு சரி, கையால பண்ற சிற்பத்துக்கு அவ்வளவா ஒத்து வராது. மணல் பீச்சி அரிக்கிறது நல்லா இருக்கும், மெஷின் வேணும். ஈர மண்ணுக் கட்டியை உறைய வெச்சு அந்த ஐஸ் பண்ற கிழிசலைப் பயன்படுத்துற ஆளும் உண்டு, ஸ்பெயின்ல ஓலோட் எரிமலைப் பகுதியில வேலை செய்யற க்ளாவ்தி கசானோவாஸ், பிரம்மாண்டமான பாறை மாதிரி துண்டுங்க. ஃப்ரீசருக்குள்ள அடங்குற சைஸுன்னா நீங்களும் முயற்சி பண்ணலாம். சுட்ட பிறகு இரும்புப் பெயின்ட் அடிச்சு வினிகர் ஊத்தி துரு ஏத்துறது சுலபமோ சுலபம், ஆனா அது செராமிக் வேலையில சேராதுங்கிறது என் பிடிவாதம், நீங்க ஒத்துக்கணும்னு இல்ல.

துரு நிறம்னு வந்ததால இதையும் சொல்லிடுறேன். சிவப்பு இரும்பு ஆக்சைடை தண்ணியில கரைச்சு பூசி, மேட்டுல இருக்கறதைத் துடைச்சுட்டா பள்ளத்துல மட்டும் நிக்கும், அரிச்ச பரப்பை எடுத்துக் காட்ட இதை விட மலிவான தந்திரம் இல்ல. ஆனா அந்த செங்கல் சிவப்பு 1050 டிகிரி சுத்துவட்டாரத்துல தான் இருக்கும், 1200க்கு மேல போனா பழுப்பாகி கருப்புக்குப் போய்டும். துரு வேணும்னா சூட்டைக் குறைக்கணும், பலம் வேணும்னா துரு நிறத்தை விட்டுக் கொடுக்கணும், இல்லன்னா முதல்ல அதிக சூட்டுல உடம்பை சுட்டுட்டு அப்புறம் ஆக்சைடை கம்மி சூட்டுல தனியா சுடணும், இறுகின உடம்புல ஆக்சைடு சும்மா ஒட்டாது, கூட கொஞ்சம் ஃப்ரிட் (உருக்கி அரைச்ச கண்ணாடித் தூள்) கலக்கணும். மாங்கனீஸ் பவுடரை எடுத்தா மாஸ்க் போட்டுக்கிட்டு எடுங்க.

கடைசியா ஒரு வழி, சுடவே சுடாம விடுறது. பிரிட்டன்ல ஃபீபி கம்மிங்ஸ்னு ஒருத்தங்க, பச்சை மண்ணுல நுணுக்கமா பூவும் இலையுமா செய்வாங்க, 2017ல ஒரு பெரிய கைவினைப் பரிசு வாங்கின வேலை ஒரு சுடாத மண் நீரூற்று, தண்ணி ஓட ஓட அதுவே கரைஞ்சு போச்சு. சிதைஞ்ச மாதிரி காட்டுறதுக்கும் நிஜமாவே சிதைய விடுறதுக்கும் இருக்குற தூரம் அது. மண்ணை 600 டிகிரிக்கு மேல சுட்டுட்டா திரும்ப களிமண்ணா ஆகாது, சுடாத வரைக்கும் வாளியில கரைச்சு அடுத்த வேலைக்கு எடுத்துக்கலாம், அந்த வகையில செலவும் கம்மி. ஆனா கையில மிஞ்சறது போட்டோவும் வீடியோவும் தான். யாராவது வாங்கணும், யாருக்காவது குடுக்கணும்னு இருந்தா இது உதவாது. கண்காட்சிக்கு ஒரு இடமும் ஒரு கால அளவும் குடுத்திருக்காங்கன்னா மத்த எல்லாத்தையும் விட இதைத் தான் யோசிப்பேன்.

சரி, எதை எடுக்கறது? சாதாரண மின்சார சூளை தான் கைவசம், வீட்டுக்குள்ள வெக்கிற நடுத்தர சைஸ் சிற்பம்னா தண்ணி அரிப்பு, மேல ஆக்சைடு வாஷ், ஒரே ஒரு முகத்துல கொஞ்சம் லைக்கன் கிளேஸ், இவ்வளவு போதும். மக்கின மரம், எலும்பு, பவளம் மாதிரி ஓட்டை நிறைஞ்ச உருவம்னா எரியுற பொருளைக் கலந்து அதிக சூட்டுல சுடுங்க, கிளேஸ் வேண்டாம், கிளேஸ் ஊத்தினா கஷ்டப்பட்டு வரவெச்ச ஓட்டை எல்லாம் அடைஞ்சுடும். வடிவம் எளிமையா இருந்து மேல்தோல் மட்டும் பேசணும்னா கிரேட்டர்.

வெட்டவெளின்னா கணக்கு மாறும். தண்ணி உறையுற குளிர் இருக்குற இடத்துல உடம்போட நீர் உறிஞ்சல் 2, 3 சதவீதத்துக்குள்ள இருக்கணும், தண்ணி ஐஸாகும்போது 9 சதவீதம் போல விரியும், உறிஞ்சின மண்ணை அது அடுக்கடுக்கா உரிச்சுடும். உங்களுக்கு சிதைவு வேணும் தான், ஆனா நீங்க போட்ட சிதைவு வேணும், இது வேற. அதனால எரிஞ்ச பொக்கை நிறைஞ்ச உடம்பும் குழிச்சூளை வேலையும் அங்க கிடையாது, ஸ்டோன்வேர் சூட்டுல, அதாவது 1200 டிகிரி பக்கம் சுட்டு இறுகின உடம்புல தண்ணி அரிப்பு மட்டும். பள்ளம் ஒவ்வொண்ணுலயும் தண்ணி வடியுற மாதிரி ஒரு சரிவோ அடியில ஒரு துளையோ இருக்கணும். உறைபனி இல்லாத இடத்துல இவ்வளவு பயம் வேண்டாம், கரடுமுரடான பரப்புல ரெண்டு மூணு மழைக்காலத்துல நிஜப் பாசியே ஏறிடும், லைக்கன் கிளேஸுக்கு செலவழிச்ச நேரம் மிச்சம்.

எதை எடுத்தாலும் டெஸ்ட் டைலை தட்டையா போட்டு முடிவு பண்ணாதீங்க, தட்டையான டைல்ல எல்லா கிளேஸும் நல்ல பிள்ளையா தான் உக்காந்திருக்கும். ஒரு கை அகல மண்ணை ட எழுத்து மாதிரி மடிச்சு செங்குத்தா நிறுத்துங்க, மேல ஒரு சின்ன கூரை நீட்டி விடுங்க, ஒரு மூலை கூர்மையா, ஒரு மூலை உருண்டையா. அதே மண்ணு, அதே தடிமன். கூரைக்கு அடியில பொருக்கு நிக்குதா, கூர்மையான மூலையில கிளேஸ் விலகுதா, செங்குத்துல எவ்வளவு உதிருதுன்னு அதுல தெரிஞ்சுடும், பின்பக்கத்துல சூடும் ரெசிபி நம்பரும் ஆக்சைடால எழுதி வெச்சுட்டு சுடுங்க.